கண்மாய்த் தண்ணீரில் ஓர் ஐந்தாம் கால்

வவுனியாவில் என் வீட்டுக்குப் பின்னாலுள்ள குளத்தில், உலகத்தில் வேறு எவரும் பார்த்திராத ஓர் உயிரினம் நீந்துகிறது என்றும் அதைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்றும் முழுமனதாக நம்பினேன். கொஞ்சம் சந்தேகத்தோடு நம்பியிருந்தாலாவது மன்னிக்கலாம். நானோ அதற்குப் பெயரும் வைத்துவிட்டேன். என் மனைவி சாந்தியின் பெயரை, ஓர் இலத்தீன் வாலை ஒட்டி. இத்தனை வருடத்தில் அவளுக்குப் பிடித்த மாதிரி ஒரு சேலை தெரிந்தெடுக்கத் தெரியாதவன், ஒரேயடியாக ஓர் உயிரினத்தையே தூக்கிக் கொடுத்தேன்.

"என்ன அளவு?" என்று கேட்டாள்.

கடுகைவிடச் சிறியது என்றேன்.

"அப்ப பரவாயில்லை. என்னை மாதிரி எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

நான் படிப்பிக்கும் விலங்கியல் துறையில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் வெள்ளை ஐசிங்கில் என் உயிரினத்தை வரைந்திருந்தார்கள். அது கரப்பான் பூச்சி மாதிரி இருந்தது. மீசை இருந்த துண்டை எனக்குத் தந்தார்கள். சாப்பிட்டேன்.

விஷயம் இதுதான். எந்தக் குளத்திலும் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் சில துள்ளும். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. கோப்பிபாட் என்பது பெயர். அவற்றில் கலனாய்டு என்றொரு கூட்டம், உடம்பளவு நீண்ட இரண்டு மீசைகளைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு சோம்பலாக மிதக்கும். எந்த இனம் என்று சொல்வது இலேசல்ல. பெண்களெல்லாம் ஏறக்குறைய ஒரே சாயல். ஆணைப் பிடித்து, அதன் ஐந்தாவது சோடிக் காலைக் கழற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். அந்தச் சோடியில் வலதும் இடதும் ஒன்றுபோல் இராது. வலது காலின் நுனியில் வளைந்த கொடுக்கு ஒன்று, கொடுக்குக்குக் கீழேயுள்ள கணுவின் விளிம்பில் ஒரு முள். அந்த முள் எங்கே முளைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் இருக்கிறது அந்த ஆணின் சாதகம்.

என் வவுனியா ஆணுக்கு முள் கணுவின் நடுவில், வெளிப்பக்கம் பார்த்து நேராக நின்றது. புத்தகங்களில் அப்படி ஒரு முள் கிடையாது. கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். அதைப் பரிசீலித்தவர் மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டிருந்தார். இதற்கு நெருங்கிய சொந்தக்கார இனம் தென் தமிழ்நாட்டின் மலையடிவாரக் கண்மாய்களில் வாழ்கிறதே, அதைப் புதிதாகப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

நான் பார்க்கவில்லை. வீறாப்பாக, நானே நேரில் போய் ஒப்பிட்டு வருகிறேன் என்று பதில் எழுதினேன். எழுதி முடித்தபிறகுதான் யோசித்தேன். அங்குள்ள முள்ளும் என் முள்ளும் ஒன்றாக இருந்துவிட்டால் இனமும் இல்லை, பெயரும் இல்லை, தின்ற கேக் மட்டும் மிச்சம்.

முதல் நாள் இராஜபாளையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தவர் தங்கராஜ். பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் வைத்திருக்கிறார். அவர் மனைவி எஸ்தர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. இந்தப் பக்கத்துக் கண்மாய்களின் கோப்பிபாட்டுகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறவர். மின்னஞ்சலில்தான் எங்களுக்குப் பழக்கம்.

"வாங்க அண்ணாச்சி," என்று தங்கராஜ் பெட்டியை வாங்கிக் காரில் வைத்தார். கொஞ்ச தூரம் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சட்டைப் பையில என்ன, நெஞ்சுவலி மாத்திரையா? அடிக்கொருதரம் தொட்டுத் தொட்டுப் பாக்கீகளே."

"மாத்திரை இல்லை. கால்."

கார் வேகம் குறைந்தது. "யாரு காலு?"

பையிலிருந்த சிறிய பெட்டியை எடுத்துக் காட்டினேன். உள்ளே கண்ணாடித் தகடுகளில் என் வவுனியா ஆண்களின் கால்கள் ஒட்டி மூடப்பட்டிருந்தன. அவர் ஒரு தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லையே."

"இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது."

"எங்க வீட்டம்மாவும் இப்படித்தான் சொல்லுதா," என்று திருப்பித் தந்தார்.

அவர்கள் வீட்டு வாசலுக்கு எதிரே பக்கத்து வீட்டு நாய் நின்றது. வெள்ளை நிறம், நெடிய கால், ரோஸ் மூக்கு. பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் மாதிரி என்னைப் பார்த்தது. நான் தங்கராஜுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

"ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி. புது ஆளுன்னா செத்த நேரம் மொறைக்கும், அம்புட்டுத்தான்."

"எவ்வளவு நேரம்?"

"அது ஆளப் பொறுத்தது."

சாயங்காலம் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடக் கூட்டிப்போனார்கள். எங்களூரில் ரொட்டியைக் கொத்துகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். இங்கே பரோட்டாவை எண்ணெயில் போட்டு முறுகவிடுகிறார்கள். அது அப்பளம்போல் நொறுங்குகிறது. மேலே சால்னாவை ஊற்றியதும் மனம் மாறி இளகிவிடுகிறது. நாலாவதை வேண்டாம் என்றேன். வேண்டாம் என்பதற்கு இங்கே என்ன பொருளோ, ஐந்தாவதும் வந்தது.

"மாட்டுக்கு நாலு காலு, நமக்கு ரெண்டு. அதென்ன அஞ்சாம் காலு?" தங்கராஜ் விடவில்லை.

"அஞ்சாவது ஜோடி," என்றார் எஸ்தர். "பேசாம சாப்பிடுங்க."

"ஆம்பளைய அதை வச்சுக் கண்டுபிடிச்சிருவீக. பொம்பளைய?"

"பொம்பளைய அம்புட்டு லேசுல கண்டுபிடிக்க முடியாது. அது எந்தப் பிராணியா இருந்தாலும் சரி."

பரிமாறியவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை நானும் எஸ்தரும் தேவதானம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். வழியில் ஒரு கண்மாய். நாங்கள் குளம் என்று சொல்வதுதான் இங்கே கண்மாய். இங்கே குளம் என்றால் கோயில் தெப்பக்குளம். கண்மாய்க்கரையில் இறங்கி, மலையைப் பார்த்து மூச்சை நன்றாக இழுத்துவிட்டேன். பஸ் போய்விட்டது. வலையும் பஸ்ஸோடு போய்விட்டது.

சாதாரண வலை என்றால் கவலைப்படமாட்டேன். புனல் வடிவில், கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு, அடியில் போத்தல் கட்டிய வலை. அது இல்லாவிட்டால் நான் கடல் தாண்டி மலை பார்க்க வந்தவன். என் முகத்தில் இரத்தம் இல்லை என்று எஸ்தர் பிறகு சொன்னார்.

"பதறாதீங்க சார். அந்த பஸ்ஸு தேவதானம் போயிட்டு இந்த வழியாத்தான் திரும்பும். டீ குடிப்போம்."

இங்கே தேநீர் என்றால் பாலும் சீனியும்தான், தேயிலை ஒரு விருந்தாளி. நான் வெறும் தேநீர் கேட்டேன். "வயிறு சரியில்லையா சார்?" என்று கடைக்காரர் அனுதாபப்பட்டார். வயிறும் உண்மையில் சரியில்லை. பாதிக்குப் பரோட்டா காரணம், பாதிக்குப் பஸ்.

பஸ் திரும்பி வந்தது. நடத்துனர் வலையை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"ஒரு அம்மா பை கிழிஞ்சிருச்சுன்னு இதுல தக்காளி போட்டு வச்சிருந்துச்சு. எறங்கையில குடுத்துட்டுப் போயிருச்சு. நல்ல பையா இருக்கே, எங்க வாங்குனதுன்னு கேட்டுச்சு சார்."

நசுங்கிய தக்காளி விதைகளைக் கண்மாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு வலையை வீசினேன். இழுத்தேன். மறுபடி வீசினேன். கரையில் ஒருவர் வந்து நின்றார். மடித்துக் கட்டிய கைலி, தோளில் துண்டு. கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்தவர்.

"என்ன பிடிக்கீக?"

"மீன் இல்லை ஐயா. அதைவிடச் சின்னன்."

அவர் தலையைச் சாய்த்து என் பேச்சைக் கேட்டார். "நாகர்கோவில் பக்கமா?"

"இல்லை. இலங்கை. வவுனியா."

"ஓ," என்றவர், என் காலடியிலிருந்த போத்தலைத் திறந்து முகர்ந்தார். பிடித்ததைக் கெடாமல் வைப்பதற்கான ஃபார்மலின். அவர் கண் கலங்கியது. "இது என்ன மருந்து? இதத் தண்ணில ஊத்துவீகளா? எம் மீனு சாகுமா?"

நான் உடனே என் கைது, விசாரணை, நாளைய பத்திரிகைத் தலைப்பு எல்லாவற்றையும் மனதில் ஓட்டி முடித்தேன். வெளிநாட்டுக்காரன், கையில் நச்சுப் போத்தல், ஊர்த் தண்ணீர். தலைப்பில் என் பெயரையும் பிழையாகத்தான் போட்டிருப்பார்கள்.

எஸ்தர் நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, தண்ணிக்குள்ள ஒரு சொட்டு விழாது. வலையில வந்தத வேற போத்தல்ல போட்டு, பொறவு அதுல ஊத்துவோம். மூடி வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். இங்க பாருங்க."

வலையின் அடியிலிருந்த போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்தார். குத்தகைக்காரர் குனிந்து பார்த்தார். வெள்ளைப் புள்ளிகள் மிதந்து, திடீரென்று துள்ளி, மறுபடி மிதந்தன.

"இது எதுக்கு ஆகும்?"

"ஒங்க மீன்குஞ்சு இதத்தான் திங்கும்."

போத்தலை விட்டுத் தலையை நிமிர்த்தினார். "அப்ப எம் மீனோட சாப்பாட்ட ஏன் எடுத்துட்டுப் போறீக?"

என் இருபது வருட ஆராய்ச்சி வாழ்க்கையில் இவ்வளவு நேரான கேள்வியை எவரும் கேட்டதில்லை. ஒரு கரண்டி அளவுதான் என்றேன். "ஒரு கரண்டின்னா எடுத்துக்கிடுங்க," என்று பெரிய மனதோடு அனுமதித்தார். பிறகு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இந்தக் கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்த கோடைகளைப் பற்றிப் பேசினார். அப்போது இதுகளெல்லாம் எங்கே போகும் என்று கேட்டார். முட்டை சேற்றுக்குள் தூங்கும், தண்ணீர் வந்ததும் பொரிக்கும் என்றேன். சேறு ஒட்டிய நாரைக் காலிலும் வாத்துக் காலிலும் ஊர் விட்டு ஊர் போகும் என்றேன்.

"கடல் தாண்டியும் போகுமோ?"

போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் உயிரினமும் வாத்தின் காலில் விசாவும் இல்லாமல் இங்கிருந்து என் குளத்துக்கு வந்திருக்கலாம் என்ற எண்ணம் அந்த நிமிடம்தான் முதன்முதலாக வந்தது. அதை அங்கேயே தண்ணீரில் விட்டுவிட்டு எழும்பினேன்.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஆய்வுகூடம். எஸ்தர் விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் மெல்லிய பூச்சி ஊசியை ஒட்டி வைத்திருந்தார். என்னுடைய ஊசிகள் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தவை. அவர் ஒரு கண்மாய் ஆணைக் கிளிசரின் துளியில் வைத்து, ஐந்தாம் கால் சோடியைக் கழற்றினார்.

நான் கண்ணாடிச் சில்லை எடுத்து நீட்டினேன். துளிக்கு மேல் வைத்து மூட. வேலை முறை அதுதானே.

"இப்ப வேண்டாம் சார். மொதல்ல தொறந்தே பாப்போம்," என்றார். மூடாமல், ஊசியால் காலை மெல்லத் தொட்டு உருட்டினார். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். ஆடையைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி. "வாங்க, பாருங்க."

பார்த்தேன். முள் கணுவின் நுனிப்பக்கத்தில் முளைத்து, பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. புத்தகத்தில் உள்ளபடியே. என் தகட்டைப் பக்கத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நடுவில், நேராக. இரண்டும் வேறு வேறு. எனக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழும்பி நின்றேன். நிற்கவும் முடியவில்லை, உட்கார்ந்தேன். புதிய இனம் உறுதியாகிவிட்டது.

அந்த நேரத்தில் தங்கராஜ் வாழையிலை விரித்த டப்பாவில் சுடச்சுடப் பால்கோவாவோடு வந்தார். "என்ன அண்ணாச்சி, முகத்தப் பாத்தாலே தெரியுதே. முடிஞ்சுதா?"

முடிந்தது என்று வாயைத் திறந்தேன். அவர் அதில் பால்கோவாவை வைத்தார்.

"இந்தக் காலையும் ஒங்க மாதிரியே தகட்டுல மூடி வச்சிருவோம் சார். ஒப்பிடுறதுக்கு ஒண்ணு வேணும்ல," என்று எஸ்தர் என்னிடமிருந்து கண்ணாடிச் சில்லை வாங்கித் துளியின் மேல் வைத்தார். கிளிசரின் குறைவாக இருந்தது. சில்லு கொஞ்சம் அமர்ந்தது. அவர் நுணுக்குக்காட்டியில் குனிந்தார். அப்படியே இருந்தார். கை மட்டும் குவியத்தைத் திருகிக்கொண்டிருந்தது.

"சார்," என்றார். "செத்த வாங்க."

நான் பார்த்தேன். தேவதானம் போகிற வழிக் கண்மாயில் நேற்றுப் பிடித்த ஆணின் கால், சில்லின் பாரத்தில் தட்டையாக நசுங்கி, அச்சில் திரும்பியிருந்தது. முள் கணுவின் நடுவில் வெளிப்பக்கம் பார்த்து நேராக நின்றது. என் முள். என் கட்டுரையில் நான் ஒவ்வொரு கோடாக வரைந்த முள்.

"ஒங்க ஆளு வந்துட்டாரு," என்றார் எஸ்தர். கிண்டல் இல்லை. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

தங்கராஜ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டப்பாவை மெல்ல மூடினார்.

என் தகடுகள் எல்லாவற்றிலும் நான் காலை உருட்டிப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் சில்லை வைத்து மூடியிருக்கிறேன். வழக்கம் அது. ஒரே கையால் ஒரே மாதிரி நசுக்கினால் எல்லா ஆண்களும் ஒரே மாதிரித்தான் சாட்சி சொல்லுவார்கள். ஆனாலும் முடிவாகச் சொல்ல முடியாது. வவுனியாவின் முள் நசுங்காமலே அப்படித்தான் நிற்கிறதோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. எரிசாராயம் நிரப்பிய சிறு குப்பியில் இன்னும் வெட்டாத இரண்டு வவுனியா ஆண்கள் என் பையில் இருந்தன.

எஸ்தருக்கும் அது தெரியும். "அத இங்கதான் பாக்கணும்னு இல்ல சார். ஊருக்குப் போயி நிதானமா பாத்துக்கிடுங்க," என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ தப்பிக்க ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது. ஊருக்குப் போனபின் பார்த்தாயா என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஒப்பிட்டேன், முள் வேறு என்று எழுதலாம். மூடாத கண்மாய்க் காலையும் மூடிய வவுனியாக் காலையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் படமும் பொய் சொல்லாது. கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் மதிலோரம் நிழலாக இருந்தது. ஒரு பெண்மணி தெருவில் வடகம் காயப்போட்டு ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார். சாந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். சில்லு, கிளிசரின், முள் எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மிச்ச ரெண்டையும் பாத்தனீங்களே?"

"இல்லை."

"ஏன்?"

ஆடு வடகத்தை நோக்கி மறுபடி வந்தது.

"உன்ர பேர் போயிடும்," என்றேன் கடைசியில்.

"அதுக்கு என்ர பேர் இல்லாட்டி நீந்தாதே?" என்றாள். "எனக்கெண்டு ஒரு பேர் கிடக்கு. அதை வேற ஒண்டிட்டக் குடுத்து வைக்கத் தேவையில்லை. மழை வரப்போகுது, உடுப்பு எடுக்கவேணும், வைக்கிறன்."

தொலைபேசியைப் பையில் போட்டேன். ஓர் உயிரை அடையாளம் காண்பது என்று நாங்கள் சொல்கிறோம். அந்த உயிருக்குத் தன் அடையாளத்தில் எந்தக் குழப்பமும் கிடையாது. சேற்றில் தூங்கி, தண்ணீரில் விழித்து, மீசையை விரித்துத் தன் இனத்துப் பெண்ணைப் பிழையில்லாமல் கண்டுபிடித்துக்கொள்கிறது. தடுமாறுகிறவன் மேலே இருந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறவன்தான். அவனுக்கு முள்ளும் தெரிகிறது, கேக்கும் தெரிகிறது.

ஆய்வுகூடத்துக்குத் திரும்பினேன். எஸ்தர் தன் ஈர்க்கு ஊசிகளைத் துடைத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் குப்பியைத் திறந்தேன்.

முதல் ஆணைக் கிளிசரினில் வைத்தேன். கால் கழன்றது, ஊசி நுனியிலிருந்து துள்ளியது, காணவில்லை. மேசை, சட்டை, தரை எங்கும் தேடினோம். தங்கராஜும் தவழ்ந்து தேடினார். "கண்ணுக்குத் தெரியாததத் தேடுறதுக்கு எத்தன பேரு வேணும்," என்று மேசைக்கு அடியிலிருந்து கேட்டார்.

மிச்சம் ஒன்று. அதையும் தொலைத்தால் எனக்கு நல்லது என்று மனதின் ஒரு மூலை மகிழ்ந்தது. அந்த மூலை எனக்கு நன்றாகத் தெரிந்த மூலை. அதற்குப் பயந்தே ஊசியை எஸ்தரிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே செய்யுங்க சார். பொறவு ஒங்களுக்கு சந்தேகம் வரக்கூடாது."

முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சை நிறுத்திக்கொண்டு கழற்றினேன். கால் துளிக்குள் நின்றது. சில்லு வைக்கவில்லை. ஊசியால் மெல்லத் தொட்டேன். அது பக்கவாட்டில் உருண்டது, பிறகு முதுகு காட்டியது.

முள் கணுவின் நுனிப்பக்கத்தில் முளைத்து, பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. எஸ்தரும் பார்த்தார். கண்மாய் ஆணும் வவுனியா ஆணும் ஒரே இனம், நெடுங்காலமாகப் பெயருள்ள இனம். அன்று மாலையே ஆய்விதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.